பொதுப்பணித்துறையில் 19 ஆண்டுகள். இங்கே வரைவாளர் வேலையை ஏற்கலாமா?

கேட்பவர் (பிராம்ப்டன்):
வணக்கம். தமிழ்நாடு பொதுப்பணித்துறையில் 19 ஆண்டுகள் பணியாற்றி, உதவி செயற்பொறியாளராக இருந்தபோது வேலையை விட்டுவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன் குடும்பத்துடன் கனடா வந்தேன். ஒரு சிறிய நிறுவனம் வரைவாளர் வேலை தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறது. என் அலுவலகத்தில் எனக்குக் கீழே நான்கு வரைதொழில் அலுவலர்கள் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வரைபடங்களில் கையொப்பமிட்ட நான், 27 வயதுப் பெண் ஒருவர் பெயர் சொல்லி அழைத்துத் திருத்தச் சொல்லும் இடத்தில் எப்படி உட்காருவது? மூன்று இரவுகளாக உறக்கமில்லை. "நாற்காலி திருச்சியிலேயே இருக்கிறது, நீங்கள்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை" என்கிறாள் மனைவி.

ஸ்கார்பரோவாசி:
தம்பி, நான் 1989 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியர். முதல் குளிர்காலம் முழுவதும் உணவகத்தில் கோப்பை கழுவினேன். நிலக்கீழ் வீட்டில் ஏழு பேர் இருந்தோம். தடித்த குளிரங்கிகள் மூன்றுதான் என்பதால், வேலை நேரம் பார்த்து மாற்றி மாற்றி அணிந்தோம். கோயிலில் மட்டும் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அதற்காகவே வெள்ளிதோறும் கோயிலுக்குப் போனேன்.

மிசிசாகாக்காரர்:
ஐயா சொல்வதைக் கேட்டு இறங்கிவிடாதீர்கள். "ஆறு மாதம்தானே" என்று கிடங்கு வேலையில் சேர்ந்த நான் ஆறு ஆண்டுகள் அங்கேயே கிடந்தேன். இறங்குவது எளிது, ஏறுவதற்குத்தான் படி இருக்காது.

இன்னொருவர்:
எல்லாரும் கனடா அனுபவம் கேட்கிறார்கள். வேலையே தராவிட்டால் அது எங்கிருந்து வரும்? வீட்டில் பிள்ளைகள்கூட நம் பேச்சை மதிப்பதில்லை.

உரிமம் பெற்ற பொறியாளர்:
வேலைக்கு வருவோம். மிசிசாகா நண்பர் சொல்வது கிடங்கைப் பற்றி. இவருக்குக் கிடைத்திருப்பதோ சொந்தத் துறையிலேயே ஒரு வேலை. ஐயா, நீங்கள் எழுதியதில் பதவி இருக்கிறது, கீழே இருந்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது; நீங்கள் செய்த வேலை ஒன்றுகூட இல்லை. கால்வாயா, கட்டடமா, மதகா? வந்தது நிரந்தர வசிப்புரிமையிலா, தற்காலிக அனுமதியிலா? நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் உரிமம் இல்லாதவர் தம்மைத் தொழில்முறைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஆகவே, நீங்கள் காக்க நினைக்கும் பெயரை இங்கே புதிதாகத்தான் பெற வேண்டும். அதற்கு 48 மாதப் பொறியியல் அனுபவம் வேண்டும். அது கனடாவிலேயே பெற்றதாக இருக்க வேண்டும் என்ற விதியை 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டார்கள். அனுபவத்தை 34 திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீங்களே செய்ததை எழுதச் சொல்வார்கள். நானும் முதலில் "துறை கட்டியது", "நாங்கள் முடித்தோம்" என்றே எழுதினேன். "நான் கணக்கிட்டேன்" என்று எழுத வந்தபோதுதான், பல ஆண்டுகள் நான் கையொப்பம் மட்டுமே இட்டிருந்தது எனக்கே தெரிந்தது. தொழில்நெறித் தேர்வு ஒன்றும் உண்டு. பட்டத்தைப் பொறுத்துக் கூடுதல் தேர்வுகளும் வரலாம். வேலையை ஏற்றுக்கொண்டு, இவற்றை மாலைகளில் தொடங்குங்கள்.

கேட்பவர்:
நிரந்தர வசிப்புரிமையில்தான் வந்தேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேற்று இரவு எழுத உட்கார்ந்தேன். 2009 இல், உதவிப் பொறியாளராக இருந்தபோது, ஒரு மதகுக்கு நானே போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு நானே செய்ததாகச் சொல்ல எதையும் உடனே எழுத முடியவில்லை. அந்தப் பெண் பயன்படுத்தும் வரைவு மென்பொருளை வெள்ளிக்கிழமைக்குள் ஓரளவு கற்க முடியுமா?