ஏசியன் பார்லிமென்டரி டிபேட்: அரை மணி நேரத்துல எப்படித் தயாராகுறது? (சேலம்)

ஐந்துரோடு: கல்லூரி ரெண்டாம் வருஷம். பட்டிமன்றம், பேச்சுப்போட்டியெல்லாம் பழக்கம்தான். இது டீமுக்கு மூணு பேரா ரெண்டு டீம் மோதுற விவாதப் போட்டி, தலைப்பு அங்கேயேதான் தருவாங்களாம். பிரிப்பரேஷன் நேரத்தை எப்படிப் பிரிக்கிறது? மார்க் எதுக்குங்க?

அடிவாரம்: மூணு மோஷன், அதாவது விவாதத் தலைப்பு தருவாங்க. ரெண்டு டீமும் 1, 2, 3னு வரிசை போடணும். எந்த டீம் 3னு போட்டாலும் அந்த மோஷன் அவுட். ரெண்டு மோஷன் மிஞ்சி, விருப்பமும் வேற வேறன்னா டாஸ். அப்புறம் 30 நிமிஷம், நெட் கிடையாது.

முதல் 5 நிமிஷம் மூணு பேரும் பேசாம தனித்தனியா எழுதுங்க. அடுத்த 15ல சேர்த்து வச்சு, ரெண்டு மூணு வாதம் மட்டும் எடுங்க. கடைசி 10 நிமிஷம் முதல் பேச்சாளரைத் தொந்தரவு பண்ணாதீங்க. பாயின்ட் தேடியே நேரம் போய், அவர் வெறுந்தாளோட எழுந்திருக்கிறதுதான் அடிக்கடி நடக்குது.

"வார இறுதியில் ஏற்காட்டுக்குச் சுற்றுலாக் கார்களைத் தடை செய்வோம்"னு மோஷன் வந்தா, அரசுத் தரப்பு (மோஷனை ஆதரிக்கிற டீம்) முதல்லயே சொல்ல வேண்டியது: 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை மட்டுமா, குப்பனூர் வழியுமா? உள்ளூர்க்காரங்க, எஸ்டேட் வண்டி, ஆம்புலன்ஸுக்கு விலக்கா? மாற்று பஸ் எங்கிருந்து? இதை விட்டுட்டா எதிர்த்தரப்பு இதையே பிடிச்சுக்கும்.

கொண்டைஊசி: மார்க் பெரும்பாலும் உள்ளடக்கம் 40, பேசும் விதம் 40, உத்தி 20. சராசரிப் பேச்சுக்கு 75 வரும். 78 வந்தாலே நல்ல பேச்சு. கைதட்டலுக்கு மார்க் இல்லீங்க!

"கடைக்காரங்க பாதிக்கப்படுவாங்க"ன்னா அது வெறும் கூற்று. காலையில போய் சாயங்காலம் திரும்புற குடும்பம் பஸ்ஸுக்குக் காத்திருக்கணும்னா கிளம்பவே யோசிக்கும், ஏரிக்கரைக் கடைக்கு சனி ஞாயிறுதான் வியாபாரம்னு காரணத்தை இணைச்சாத்தான் வாதம். அந்த நஷ்டம் ஏன் நெரிசலை விடப் பெருசுன்னும் சொல்லணும். பல டீம் இங்கதான் தோக்குது. நடுவருக்கே ஏற்காடு அத்துப்படியா இருந்தாலும், நீங்க சொல்லாததை அவர் உங்களுக்காகச் சேர்த்துக்க மாட்டார்.

பேச்சு 7 நிமிஷம். முதல் நிமிஷத்துக்கும் ஆறாவது நிமிஷத்துக்கும் நடுவுலதான் எதிரணி பிஓஐ (பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன், பேச்சுக்கு நடுவுல எழுந்து கேக்குற குறுக்குக் கேள்வி) கேக்கலாம், 15 விநாடி. ஒண்ணு ரெண்டு ஏத்துக்கோங்க; ஒண்ணுகூட எடுக்கலைன்னா பயந்த மாதிரி தெரியும்.

ஐந்துரோடு: கடைசியில தொகுத்துச் சொல்ற ரிப்ளை ஸ்பீச்சை மூணாவது ஆள் பேசலாமா?

அடிவாரம்: கூடாது. முதல் அல்லது ரெண்டாவது பேச்சாளர்தான், 4 நிமிஷம், எதிர்த்தரப்பு முதல்ல. புது வாதம் வந்தா நடுவர் கணக்குல எடுக்க மாட்டார். அப்புறம், திருக்குறள்ல ஆரம்பிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அரை நிமிஷம் வீண்.