வி.பி.என். எடுத்தால் பயமில்லாமல் இருக்கலாமா?

ஊர்சுற்றி (கேள்வி):
வணக்கம். கணக்குத் தணிக்கை வேலைக்காக மாதத்தில் பாதி நாள் வெளியூர் விடுதிகளில் தங்குபவன் நான். விடுதி வை-ஃபையில்தான் வங்கிக் கணக்கையும் வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. கோப்புகளையும் திறக்க வேண்டியிருக்கிறது. ‘ராணுவத் தரப் பாதுகாப்பு’ என்று விளம்பரம் செய்யும் ஒரு வி.பி.என். சேவையில், மூன்றாண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் பெரிய தள்ளுபடி என்கிறார்கள். இலவசச் செயலிகளும் கொட்டிக் கிடக்கின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எடுத்தபின் பயமில்லாமல் இருக்கலாமா?

கம்பிவடம்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இருக்க முடியாது. உங்கள் கணினியிலிருந்து அந்நிறுவனத்தின் சர்வர் வரை செல்லும் தரவை வி.பி.என். மறைகுறியாக்குகிறது, அதனால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது விடுதிக்காரருக்குத் தெரியாமல் போகிறது, ஆனால் அவர் பார்த்திருக்கக்கூடியதை எல்லாம் இனி வி.பி.என். நிறுவனம் பார்க்கலாம். வங்கித் தளம் எச்.டி.டி.பி.எஸ். வழியே, அதாவது பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையே தரவை மறைகுறியாக்கும் முறையில், இயங்குவதால் உங்கள் கடவுச்சொல் வி.பி.என். இல்லாமலேயே மறைகுறியாகத்தான் போகிறது. போலித் தளத்தில் நீங்களே ஓ.டி.பி.யைத் தட்டினால், அதையும் இந்த வி.பி.என். பத்திரமாகத் திருடனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ராணுவத் தரம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஏ.இ.எஸ்.-256 என்ற மறைகுறியாக்க முறையைத்தான், உங்கள் பிரவுசரிலும் அது இருக்கிறது.

பழைய அட்மின்:
மேலே சொன்னதை ஒட்டியே தேர்வும் அமைய வேண்டும்: அந்நிறுவனத்திடம் உங்களைப் பற்றி என்ன பதிவு இருக்கிறது? ஸ்வீடனின் முல்வாட் என்ற வி.பி.என். நிறுவனம் மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை, ஒரு கணக்கு எண்ணை மட்டும் தருகிறது. 2023 ஏப்ரல் 18 அன்று சோதனை ஆணையோடு வந்த காவல்துறையினர், வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியதாக அந்நிறுவனம் அறிவித்தது. விளம்பர வாசகத்தைவிட இத்தகைய சோதனையையே நான் நம்புவேன். இதற்கு எதிர் உதாரணம் ஒனாவோ என்ற இலவச வி.பி.என்.: ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய அந்தச் செயலி, பயனர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைத் திறக்கிறார்கள் என்ற விவரத்தைத் தாய் நிறுவனத்துக்குத் தந்துவந்தது, 2018-இல் ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கியது. எல்லா இலவசச் சேவையும் அப்படியல்ல. கட்டணம் கட்டுவோரின் பணத்தில் இலவசப் பிரிவை நடத்தும் புரோட்டான் போன்றவையும் உண்டு.

நம் நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஒதுக்கப்பட்ட ஐ.பி. (இணைய முகவரி எண்) ஆகியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வி.பி.என். நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதால் எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் ஆகிய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றின. செயலியில் ‘இந்தியா’ என்று காட்டும் சர்வர் சிங்கப்பூரில் இருக்கக்கூடும். நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குத் தரும் வி.பி.என்.னுக்கு இந்த உத்தரவு பொருந்தாது.

சாவிக்குறி:
எந்தச் சேவையானாலும் கில் ஸ்விட்சை, அதாவது வி.பி.என். அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் வசதியை, சோதித்துப் பாருங்கள். ஒருமுறை விடுதி வாசலில் என் கைப்பேசி வை-ஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறியபோது வி.பி.என். இயங்குவதைக் காட்டத் திரையின் மேல்மூலையில் இருந்த சாவிக் குறி மறைந்துவிட்டது. மின்னஞ்சல் செயலியோ எதுவும் நடவாததுபோல் கடிதங்களை இறக்கிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் வி.பி.என். இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதை அன்றுதான் தேடிப் பிடித்தேன். மடிக்கணினியில் கில் ஸ்விட்சும் போதாமல் போகலாம். 2024 மே மாதம் வெளியான ‘டன்னல்விஷன்’ முறையில், வை-ஃபையை நடத்துபவர், கணினி இணையும்போது அதற்கு முகவரியும் பாதையும் தரும் டி.எச்.சி.பி. வழியே பொய்யான பாதையைக் கொடுத்துத் தரவை வி.பி.என். சுரங்கத்துக்கு (மறைகுறியாக்கப்பட்ட பாதைக்கு) வெளியே திருப்பிவிட முடிகிறது. செயலியோ ‘இணைக்கப்பட்டுள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. உங்கள் நிலையில் நான் இருந்தால் விடுதி வை-ஃபையைத் தொடாமல் என் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலேயே கோப்புகளைத் திறப்பேன்.

ஊர்சுற்றி:
அனைவருக்கும் நன்றி. அலுவலகத்தில் விசாரித்ததில், ஊழியர்களுக்கென்று ஒரு வி.பி.என். இரண்டாண்டுகளாக இருக்கிறதாம், என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் கோப்புகளுக்கு அதையும், வங்கிக்கு ஹாட்ஸ்பாட்டையும் பயன்படுத்தப் போகிறேன். மூன்றாண்டுச் சந்தாவைக் கைவிட்டுவிட்டேன்.