‘வேய்ஸ்கூஸ்’: இந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி: மெய்ப்புக்காரி

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரின் நாட்குறிப்பை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘சனிக்கிழமை எங்கள் வேய்ஸ்கூஸ், எல்லோரும் காலை ரயிலில் கடற்கரைக்குப் போனோம்’ என்று ஒரு வரி. ‘கூஸ்’ இருக்கிறதே என்று ‘வாத்து விருந்து’ என எழுதிவிட்டேன். ஆனால் அன்று சாப்பிட்டதையெல்லாம் எழுதியிருக்கிறார், அதில் வாத்தே இல்லை. என் தொழில் மெய்ப்புத் திருத்துவது, அதாவது புரூஃப் பார்த்து அச்சுப்பிழை களைவது. சந்தேகத்தோடு ஒரு சொல்லை விட மனம் வரவில்லை.

பதில்: அகராதிப் பித்தன்

அச்சகத் தொழிலாளர்களின் வருடாந்திர விருந்து அது. ஆகஸ்ட் 24, புனித பர்த்தலமேயு திருநாளை ஒட்டி வரும். நேதன் பெய்லியின் 1731 அகராதியில் ‘வேய்ஸ்’ என்றால் வைக்கோல் கட்டு, அறுவடை முடிந்த வயலில் மேய்ந்த வாத்துதான் இது என்று இருக்கிறது. வாத்து இருக்கட்டும்.

பதில்: ஈய எழுத்து

வாத்தை எடுத்துவிடுங்கள் அம்மா. பெய்லிக்கு அரை நூற்றாண்டு முன்பே, 1683-இல், ஜோசப் மாக்சன் அச்சுத்தொழில் பற்றிய தன் நூலில் இந்த விருந்தை விவரிக்கிறார். அங்கே சொல் ‘வே-கூஸ்’. ‘ஸ்’ கிடையாது, வைக்கோலும் கிடையாது. வைக்கோல் கதைக்காகவே பெய்லி அந்த எழுத்தைச் சேர்த்திருக்கலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே சந்தேகப்படுகிறார்கள்.

மாக்சன் சொல்வது வேறு விஷயம். அன்றைய அச்சகங்களில் ஜன்னலுக்குக் காகிதம்தான். பர்த்தலமேயு திருநாள் சமயத்தில் தொழிலாளிகள் புதுக் காகித ஜன்னல் செய்வார்கள். பழையது இன்னும் தாங்கும் என்றாலும் செய்வார்கள். அன்றைக்கு முதலாளி தன் வீட்டில் நல்ல விருந்து வைத்து, இரவு மதுக்கடைக்குப் போகக் காசும் கொடுப்பார். அந்த விருந்தை அவர் வைக்காதவரை யாரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேலை செய்ய மாட்டார்கள்.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இருபது வருடம் கையால் எழுத்துக் கோத்தவன் நான். பொழுது சாய்ந்து விளக்கைப் போட்டால் நம் கையின் நிழலே கேஸின் மேல், எழுத்துகள் கிடக்கும் அறைப்பெட்டியின் மேல் விழும். ஈயத்தில் ஆங்கிலச் சின்ன ‘என்’னைத் தலைகீழாகத் திருப்பினால் சின்ன ‘யூ’. கட்டைவிரலால் எழுத்தின் உடலில் பக்கவாட்டில் இருக்கும் பள்ளத்தைத் தடவித்தான் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சடித்து முடித்த எழுத்துகளைத் திரும்ப கேஸில் பிரித்துப் போடும்போது ஒன்று இடம் மாறி விழுந்தால் அன்றைக்குத் தெரியாது, மறுநாள் புரூஃபில் வந்து நிற்கும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். வரப்போகிற அந்த மாதங்களுக்குக் கண்ணைக் கொடுக்கிறவர்கள், முதலில் விருந்தை வை என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

அப்புறம், உங்களுக்கென்றே ஒரு செய்தி. விருந்துக்கு எழுத்து வார்ப்பவர், கொல்லர், தச்சர், மை செய்பவர், மெய்ப்புத் திருத்துபவர் எல்லோரையும் அழைப்பார்கள். மற்றவர்கள் தங்கள் பங்குக்குப் பணம் போட வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு வேலை கொடுப்பது தொழிலாளிகள். மெய்ப்புத் திருத்துபவரிடம் மட்டும் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. அவரை நியமிப்பது முதலாளி.

பதில்: மரஎழுத்து

பிற்காலத்தில் விருந்து ஒருநாள் பயணமாக மாறியது. உங்கள் ஆள் ரயிலேறியது அப்படித்தான். சொல் இன்னும் சாகவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் டூ ரிவர்ஸிலுள்ள ஹாமில்டன் மரஎழுத்து அருங்காட்சியகமும், கனடாவில் ஒன்டாரியோவின் கிரிம்ஸ்பியும் இதே பெயரில் அச்சுக்கலைஞர்களைக் கூட்டுகின்றன.

பதில்: மெய்ப்புக்காரி

என் தொழிலுக்கு 1683-லேயே இலவசச் சாப்பாடு இருந்தது என்பதை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்! இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘சனிக்கிழமை எங்கள் வேய்ஸ்கூஸ், அச்சகத்தாரின் வருடாந்திர விருந்து நாள். எல்லோரும் காலை ரயிலில் கடற்கரைக்குப் போனோம்.’ சரியா ஐயா?

பதில்: ஈய எழுத்து

சரி. ‘வருடாந்திர’ வேண்டாம். எழுதியவருக்கு அது ‘எங்கள் நாள்’, ‘அச்சகத்தாரின் விருந்து நாள்’ போதும். முடிந்தால் அதே நாட்குறிப்பில் அடுத்த சில வாரங்களைப் புரட்டி, விளக்கு வெளிச்சத்தில் வேலை பார்த்ததாக எங்காவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும்.