புதுப்பிப்பு: தலையால் முட்டிய பந்து

போன வாரம் ஒரு புலம்பல் எழுதியிருந்தேன். நியூ ஜெர்சியில் ஒரு கால்பந்து ஆட்டத்தில் என் ஒன்பது வயது மகன் பந்தைத் தலையால் முட்டியதற்கு நடுவர் எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார், இது என்ன அநியாயம் என்று.

நடுவர் செய்தது சரி. தவறு என்னுடையது. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டக் கூடாது என்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இலேயே சொல்லிவிட்டது. தலையில் அடிபடும் பயம்தான் காரணம். கோட்டுக்கு வெளியே நின்று நான் கத்தியதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அந்த நடுவருக்குப் பதினைந்து வயது இருந்தால் அதிகம்.

இந்தச் சனிக்கிழமையும் அவரே வந்திருந்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு ஷூ லேஸைக் கட்டப் போய்விட்டார். ஆட்டத்தில் 1-4 தோல்வி. நான்காவது கோலுக்கு முன் பந்து உயரமாக வந்தது. மகன் கழுத்தைத் தோளுக்குள் இழுத்து ஆமையைப் போலக் குனிந்தான். பந்து தலைக்கு மேலே போய் எதிரணிக்காரன் காலில் விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நான் முட்டவில்லை!" என்று பெருமையோடு கூவினான்.

இரவு வீட்டிலேயே படம் போட்டோம். பாதியில் எல்லோரும் தூக்கம், நான் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை இலை நிறம் மாறுவதைப் பார்க்க டெலவேர் வாட்டர் கேப் என்ற மலைப்பகுதிக்குப் போனோம். மேப்பிள் மரங்கள் நன்றாகச் சிவந்திருந்தன, ஓக் மரங்கள் இன்னும் பச்சை. மகள் பொறுக்கிய இலைகள் சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டன. இன்று காலைவரை காலுறைகளிலிருந்து இலைத்தூளை உதறிக்கொண்டிருக்கிறேன்.