ஆலைச் சேற்றுக் கூட்டெரு போட்ட மண்ணில் கீரை வைக்கலாமா?

ஹன்வெல்லத் தோட்டம்
ஹன்வெல்லப் பக்கம் 8 பேர்ச் காணி குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். காணிக்காரர் ஏற்கெனவே ஒரு சின்ன லொறி, 2 தொன் அளவில், கூட்டெரு பரப்பியிருக்கிறார். ஓர் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்றைத் தும்புத்தூளோடு கலந்து மக்க வைத்தது. கறுப்பாக, நாற்றமில்லாமல் நல்லாத்தான் இருக்கு. அறிக்கையில் நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மட்டும்தான். இன்னொரு லொறி சும்மா தருகிறார்களாம். எடுக்கலாமா? கங்குன், வல்லாரை போட்டு வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொடுக்க யோசனை.

மண்வெட்டி
எடுக்காதீர்கள். மக்கும்போது கிருமி சாகும், நாற்றம் போகும்; ஆலைச் சேற்றில் வரக்கூடிய பார உலோகம் (கட்மியம், ஈயம் போன்றவை) எங்கேயும் போகாது. சேதனப் பொருளில் பாதி காற்றோடு போய்விடுவதால், மிஞ்சும் எருவில் உலோகத்தின் செறிவு கூடத்தான் செய்யும்.

கணக்கைப் பாருங்கோ. 8 பேர்ச் சுமார் 200 சதுர மீற்றர். மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஏறக்குறைய 40 தொன். 2 தொன் எருவில் 40% ஈரம் என்றால் உலர் நிறை 1.2 தொன். அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கட்மியம் இருந்தால் மொத்தம் 24 கிராம்; மண்ணில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் ஒரே தடவையில் ஏறிவிடும். 20 என்பது நான் எடுத்துக்கொண்ட எண்தான், ஆனால் நடக்காத எண் அல்ல: ஐரோப்பிய ஒன்றியத்தின் 1986 சேற்று விதி சேற்றில் 20 முதல் 40 வரை அனுமதிக்கிறது. அதே விதி, பத்தாண்டுச் சராசரியில், ஹெக்டெயருக்கு ஆண்டுக்கு 0.15 கிலோவுக்கு மேல் கட்மியம் போடவும் விடாது. உங்கள் காணிக்கு இது ஹெக்டெயருக்கு 1.2 கிலோ வீதம், எட்டு ஆண்டுக்குரியது ஒரே தடவையில். இந்தியாவில் நகரக் கூட்டெருவுக்குக் கட்மிய எல்லை 5தான்.

முதலில் ஒன்று சொல்லுங்கோ: ஆலையில் என்ன செய்கிறார்கள்? பிஸ்கட், பியர் என்றால் பயம் குறைவு. முலாம் பூசுதல், பற்றரி, தோல் பதனிடல் என்றால் தொடவே வேண்டாம்.

ஹன்வெல்லத் தோட்டம்
துணிக்குச் சாயம் போடுகிற ஆலை. மண்ணின் பிஎச் 5.1.

கொட்டாஞ்சேனை ரசாயனம்
சாயச் சேறு என்றால் செம்பு, நாகம் (துத்தநாகம்), குரோமியம் முதலில் பாருங்கள். கட்மியம், ஈயம், நிக்கல், ஆசனிக்கையும் விடாதீர்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். வளைந்து வளைந்து நடந்து 12 இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுத்து, பிளாஸ்டிக் பேசினில் கலந்து, அரைக் கிலோ பிரியுங்கள். கரண்டி எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக். கல்வனைஸ் வாளி வேண்டாம், அதன் நாகம் மாதிரியில் ஏறும். நிழலில் உலர்த்துங்கள். எரு படாத வேலியோர மண்ணில் இன்னொரு மாதிரி கட்டாயம். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஏறியது என்று எப்படிச் சொல்வது? கொழும்பு பௌத்தாலோக மாவத்தை ஐ.டி.ஐ.யில் (கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம்) கேட்கலாம். எருவிலும் ஒரு பை கொடுங்கள்.

இலைக்கறி
சூரியகாந்தி போட்டால் உலோகத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

மண்வெட்டி
உறிஞ்சும், பல்லாண்டு எடுக்கும். பிடுங்கிய செடியைத் திரும்பக் கூட்டெருக் குழியில் போட்டால் போனது வந்துவிடும்.

பிஎச் 5.1தான் இங்கே பெரிய பிரச்சினை. புளித்த மண்ணில் கட்மியமும் நாகமும் கரைந்து வேருக்குப் போகும். இந்தக் காணிக்கு டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) 40 கிலோவில் தொடங்கி, மேல் மண்ணோடு நன்றாகக் கொத்திக் கலந்து, இரண்டு மாதம் மழை பட்டபின் பிஎச் பாருங்கள். 6.5 வந்தால் நிறுத்துங்கள். களி மண்ணென்றால் இன்னொரு தடவை தேவைப்படும். யூரியாவை அதே நேரத்தில் போடாதீர்கள், அமோனியாவாகப் பறந்துவிடும். அமோனியம் சல்பேற்று போட்டால் மண் மறுபடி புளிக்கும். அறிக்கையில் ஆசனிக்கு கூடியிருந்தால் மட்டும் டொலமைட்டை நிறுத்திவைத்து இங்கே எழுதுங்கள். பிஎச் ஏறினால் அது மற்ற உலோகங்கள் போல அடங்காது, இளகும்.

கொட்டாஞ்சேனை ரசாயனம்
அறிக்கை வரும்வரை கீரை வேண்டாம், கட்மியம் இலையில்தான் அதிகம் சேரும். கழுவினால் இலையில் ஒட்டிய ஈய மண் போகும், உள்ளே ஏறிய கட்மியம் வினாகிரியில் ஊறவைத்தாலும் போகாது. பயிற்றை, புடோல், பாகல் பரவாயில்லை. கீரைதான் வேண்டுமென்றால், அடியில் துணி விரித்து 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெளி மண் கொட்டிப் பாத்தி கட்டுங்கள். அந்த வெளி மண்ணையும் சோதித்தபின் கொட்டுங்கள்.