ஆள் மாறிக் கொன்ற நாயகன்: படம் தேடுகிறேன் (சில படங்களின் முடிவு உள்ளே உண்டு)

தானே தீர்ப்பு எழுதி, தானே தண்டனையும் கொடுக்கும் சினிமா நாயகர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ஒரு இடத்தில் அப்படியே நிற்கிறது. இந்த வகை த்ரில்லர்களில் குற்றத்தைக் கேமராவே நமக்குக் காட்டிவிடுகிறது. அப்புறம் சாட்சி எதற்கு, விசாரணை எதற்கு? நாயகன் கத்தியை எடுத்ததும் கை தட்டுகிறோம். எனக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான படம்: நாயகன் கையால் செத்தவர் நிரபராதி என்று பிறகு தெரியவர வேண்டும். இணையத்தில் தேடினால் பழிவாங்கும் படங்களாகவே வந்து குவிகின்றன.

இதுவரை பார்த்ததில் 'மிஸ்டிக் ரிவர்' (2003) கிட்டத்தட்ட சரி. ஆனால் கொலை நடப்பதே கடைசியில்தான். 'பிரிசனர்ஸ்' (2013) படத்தில் மகளைத் தொலைத்த அப்பா, சந்தேகப்பட்ட இளைஞனைப் பாழடைந்த வீட்டின் குளியலறையில் அடைத்து வதைப்பார். அந்த வெந்நீர்க் காட்சியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவன் பிழைத்துவிடுகிறான். 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' (1943) ரொம்ப நெருங்கி வருகிறது. ஆனால் அது வெஸ்டர்ன் (கௌபாய் படம்), தூக்கிலிடுவதும் ஒரு கும்பல். 'டெத் விஷ்' (1974) இதற்கு ஆகாது, அதில் சுடப்படுகிறவர்கள் வழிப்பறிக்காரர்கள். மூல நாவலை எழுதிய பிரையன் கார்ஃபீல்டுக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை.

கொல்லப்பட்டவர் நிரபராதி என்பது பாதியிலேயே தெரிந்து, மீதிக் கதை அவருடைய குடும்பத்தின் பக்கமும் நகர்கிற க்ரைம் த்ரில்லர், எந்த மொழியானாலும் சரி, உங்களுக்குத் தெரியுமா?