உதவி தேவை: வீட்டுப் பாதுகாப்புக்கு ரிவால்வர், .38 ஸ்பெஷலா .357 மேக்னமா?

கேட்டிவாசி

எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். வேலைக்காக நான் மாதத்தில் பத்து நாள் வெளியூர் போய்விடுவேன். அந்த நாட்களில் வீட்டில் மனைவியும் ஒன்பது வயது மகளும் மட்டும்தான். போன மாதம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, பின்கதவின் கைப்பிடியை யாரோ திருகிப் பார்த்துவிட்டுப் போனது கேமராவில் பதிவாகியிருந்தது. மறுநாள் காலையில் மனைவியே சொல்லிவிட்டாள், வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கட்டும், தானே சுடக் கற்றுக்கொள்கிறேன் என்று.

பிஸ்டல் வேண்டாம் என்பதில் தெளிவாக இருக்கிறோம். அவளுக்கு வலது மணிக்கட்டில் இரண்டு வருடம் முன்பு கார்ப்பல் டனல் அறுவை சிகிச்சை நடந்தது. பிஸ்டலின் ஸ்லைடை (தோட்டாவை ஏற்ற இழுக்கும் மேல்பகுதி) பின்னால் இழுக்கவே சிரமப்படுகிறாள். அதனால் ரிவால்வர். கடையில், மிக இலகுவான குட்டி .357 ஒன்றைக் காட்டி, “இதில் .38-உம் போடலாம், ஒன்றில் இரண்டு” என்றார்கள். அதே மாதிரி ஒன்றை சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து .357 போட்டுச் சுட்டுப் பார்த்தோம். முதல் குண்டு காகிதத்தின் இடது கீழ் மூலையில். இரண்டாவது காகிதத்திலேயே இல்லை. மூன்றாவதுக்கு விசையில் விரல் வைத்தவள், கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுடாமலே கீழே வைத்துவிட்டாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்து போயிருந்தது.

.38-க்குப் போனால் பலம் போதுமா? .357 தான் வேண்டும் என்றால் அவளால் பழகிக்கொள்ள முடியுமா? .22 வாங்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

டாலஸ் பயிற்றுநர்

தம்பி, காலிபருக்கு, அதாவது தோட்டா அளவுக்கு, முன்னால் ஒரு கேள்வி. உங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறதா? எச்-1பி, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். மாநில வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் இதில் அடங்கும். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. விளையாட்டாக நண்பர்களோடு போய் மாட்டிக்கொள்ளக்கூடிய விஷயம்.

கார்டு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

.38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் கிட்டத்தட்ட ஒரே குண்டுதான். இரண்டின் விட்டமும் .357 அங்குலம், அதாவது 9 மில்லிமீட்டர் சொச்சம். மருந்தும் குண்டும் உட்காரும் உறை மட்டும் .357-இல் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளம். 1935-இல் மேக்னம் வந்தபோது, பழைய .38 ரிவால்வர்களில் தவறிப்போய்க்கூட அதைப் போட முடியாதபடி நீளத்தை அப்படி வைத்தார்கள். அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டும். அதனால் .357 ரிவால்வரில் .38 போடலாம், .38 ரிவால்வரில் .357 போடக் கூடாது. கடையில் சொன்னது உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்டது எடை.

உங்கள் மனைவி சுட்டது 12 அவுன்ஸ் பக்கம் இருந்திருக்கும், அதாவது 340 கிராம். அதே தோட்டாவை 740 கிராம் உள்ள எஃகு ரிவால்வரில் போட்டால், துப்பாக்கி கையை நோக்கி வரும் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். இலகு ரிவால்வர் இடுப்பில் நாள் முழுக்க வைத்துத் திரிபவர்களுக்கு. படுக்கையறைப் பெட்டியில் கிடக்கப் போகிற துப்பாக்கிக்கு எடை ஒரு பாரமே இல்லை. ரூகர் எஸ்பி101 மாதிரி ஒன்றைப் பாருங்கள். 26 அவுன்ஸ் வரும், ஐந்து தோட்டா, தோட்டா உட்காரும் அறை .357 அளவு. அதில் .38 மட்டுமே போடுங்கள்.

மிக இலகுவான ரிவால்வரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு உதையிலும், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும். தோட்டாக்களைத் தாங்கிச் சுற்றும் சிலிண்டரின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது. அடித்துத் தட்டினாலும் சரியாகாது. அந்த நேரத்தில் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு.

பலத்தைப் பற்றி: எஃப்பிஐ தன் சோதனைகளில், சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறது. நல்ல .38 தோட்டா குட்டைக் குழலிலும் அதைத் தொடும். .357-இன் கூடுதல் வேகத்தில் நல்ல பங்கு இரண்டு அங்குலக் குழலில் வீணாகிறது. மிச்சம் முழுக்க நெருப்பும் சத்தமும். மூடிய அறைக்குள் காதில் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு .357 சுட்டாலும் செவி நிரந்தரமாகக் கெடலாம். ஐந்து குண்டில் ஒன்றாவது சரியான இடத்தில் விழுவதுதான் பலம். கண்ணை மூடிக்கொண்டு சுடும் .357-க்கு எந்தப் பலமும் இல்லை.

ராலே அக்கா

நான் ஐந்தடி ஒன்று. என் கைக்கு எதுவும் பொருந்தாது என்று பழகியவள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மனைவியிடம் .38 வாட்கட்டர் 148 கிரெயின் (குண்டின் எடை) கேட்டு வாங்கச் சொல்லுங்கள். குண்டின் முனை தட்டையாக, உறைக்குள்ளேயே அமுங்கி உட்கார்ந்திருக்கும். இலக்குப் பயிற்சிக்காக வந்த தோட்டா. உதை மிகக் குறைவு. ஹாலோ பாயின்ட், அதாவது பட்டதும் விரியும் குழிமுனைக் குண்டுகள், குட்டைக் குழலில் சில நேரம் விரியாது. வாட்கட்டர் விரிவதை நம்பியே இல்லை. நேராக, ஆழமாகப் போகும். ஒரு குறை: தட்டை முனை என்பதால் அவசரத்தில் அறைக்குள் இறக்கும்போது விளிம்பில் தட்டும். அதனால் சிலிண்டரில் வாட்கட்டர், மாற்றுத் தோட்டாக்கள் உருண்டை முனை. அப்படித்தான் நான் வைத்திருக்கிறேன்.

.22 பற்றி: உதை கிடையாது என்பது உண்மை. ஆனால் அதைப் பற்றவைக்கும் மருந்து உறையின் விளிம்பில் இருக்கிறது. நடுவில் தனிப் பிரைமர் (பற்றவைக்கும் சிறு மூடி) இல்லை. வெடிக்காமல் போவது அதில்தான் அதிகம். விசையும் இன்னும் கெட்டி. மணிக்கட்டு எதையுமே தாங்காது என்றால் எடுங்கள், ஆனால் அது கடைசி வழி.

அப்புறம், ரப்பர் கைப்பிடி. குட்டி ரிவால்வர்களில் வரும் மரக் கைப்பிடிக்குள் சுண்டுவிரல் நிற்காது. மூன்று விரலும் பிடிக்கிற மாதிரி நீளமான ரப்பர் பிடி மாற்றியதும் எனக்குப் பாதி வலி போய்விட்டது.

பொள்ளாச்சி மண்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஊரில் தோட்டத்துக்காக அப்பா உரிமம் வாங்கி ஒரு கான்பூர் .32 வைத்திருந்தார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார். அதன் உதை என் அம்மாவே தாங்கும் அளவில்தான் இருந்தது. அங்கே .32 கிடைக்காதா?

டாலஸ் பயிற்றுநர்

நல்ல கேள்வி. கான்பூர் ரிவால்வரின் தோட்டா .32 எஸ்&டபிள்யூ லாங். 1896-இல் இருந்து இருக்கிறது. இங்கே அதன் அடுத்தடுத்த வாரிசுகள் 1984-இல் வந்த .32 ஹெச்&ஆர் மேக்னமும், 2008-இல் வந்த .327 ஃபெடரலும். .327 ரிவால்வர் வாங்கினால் முந்தைய இரண்டையும் அதில் போடலாம். ஐந்துக்குப் பதில் ஆறு தோட்டா. அவர் மனைவிக்கு ஹெச்&ஆர் உண்மையிலேயே பொருந்தும். சிக்கல் தோட்டா கிடைப்பதில்தான். .38 எந்தக் கடை அலமாரியிலும் இருக்கும், .32 தேட வேண்டும். பழகுபவருக்கு வாரம் ஐம்பது தோட்டாவாவது வேண்டும். பயிற்சிக்குத் தோட்டா கிடைக்காத துப்பாக்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேட்டிவாசி

இருவருக்கும் போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது, அண்ணா. முன்பே இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

ஒரு சந்தேகம். எங்கள் படுக்கையறைக் கதவுக்கு நேர் எதிரே நடைபாதை, அதற்கு அப்பால் மகளின் அறை. .38 என்றால் சுவர் தடுக்குமா?

டாலஸ் பயிற்றுநர்

தடுக்காது. நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை மனதில் வைத்துப் பேசாதீர்கள். இங்கே உள்சுவர் என்பது இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவே வெற்றிடம். .38, .357, .32, ஏன் .22 கூடத் துளைத்துக்கொண்டு போகும். காலிபரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. இன்று இரவே இருவரும் நடந்து பாருங்கள். சத்தம் கேட்டால் மனைவி முதலில் மகளின் அறைக்குப் போய், கதவைப் பூட்டி, 911-ஐ அழைத்துவிட்டு, கதவைப் பார்த்து உட்காரட்டும். அப்போது மகள் அவளுக்குப் பின்னால் இருப்பாள். பெட்டியையும் அந்த அறையின் அலமாரியில், உயரத்தில் பொருத்துங்கள். எண் அழுத்தித் திறக்கும் பூட்டுப் பெட்டி கட்டாயம். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் டெக்சஸில் அது உங்கள் குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒன்பது வயதுக் குழந்தை இருக்கிற வீடு.

கேட்டிவாசி (மூன்று வாரம் கழித்து)

எஸ்பி101 வாங்கிவிட்டோம். நீளமான ரப்பர் பிடி, 148 கிரெயின் வாட்கட்டர். நேற்று ஏழு கஜத்தில் ஐந்தும் என் உள்ளங்கை அகலத்துக்குள். கண் திறந்தே இருந்தது, நான் பார்த்தேன். ஸ்னப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு வீட்டில் தினம் இருபது முறை விசை இழுக்கிறாள். முதல் வாரம் விரல் நடுங்கியது, இப்போது இல்லை. அக்கா, உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னாள்.

இப்போது புதுப் பிரச்சினை. முந்நூறு .38 சுட்ட பிறகு, நான் எனக்காக ஒரு .357 போட்டுப் பார்க்கலாம் என்று இறக்கினால், முழுதாக உள்ளே போகவில்லை. விளிம்பு கொஞ்சம் வெளியே நிற்கிறது. சிலிண்டர் மூட மறுக்கிறது. அறை கெட்டுவிட்டதா?

ராலே அக்கா

கெடவில்லை. அழுத்தி மூடாதீர்கள். .38 உறை குட்டை என்பதால், அது முடிகிற இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படிந்திருக்கும். நீளமான .357 அந்த வளையத்தில் முட்டி நிற்கிறது. துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஒவ்வொரு அறைக்கும் சில துளி கரைப்பான் விட்டுப் பதினைந்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு வெண்கலப் பிரஷ் விட்டுச் சுழற்றி எடுங்கள். சிலிண்டருக்குப் பின்னால் நட்சத்திர வடிவில் வெளியே வரும் தகட்டின் அடியையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். அங்கே எரியாத மருந்துத் துகள் ஒன்று சிக்கினாலும் சிலிண்டர் இறுகும்.

கேட்டிவாசி

ஐந்தாவது அறையில்தான் அதிகம் இருந்தது. பிரஷ் கன்னங்கரேல் என்று வெளியே வந்தது. இப்போது .357 தடையில்லாமல் உள்ளே விழுகிறது. ஆனால் அதை எடுத்து வைத்துவிட்டேன். பெட்டியில் இருப்பது அவளுடைய வாட்கட்டர் ஐந்து மட்டும். இனி ஒவ்வொரு ரேஞ்ச் நாளின் இரவும் பிரஷ் போட்டுவிடுகிறோம்.